கம்ப்யூட்டர் சயின்ஸ் மேஜர், கூடவே பாலினக் கல்வியில் மைனர்: எடுக்கலாமா?

அரைத்தூக்கம்:

கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் வருடம் படிக்கிறேன். எங்கள் பல்கலைக்கழகத்தில் "பெண்கள், பாலினம், பாலியல்பு" என்று ஒரு மைனர் (மேஜரோடு கூடுதலாகப் படிக்கும் துணைப் பாடப்பிரிவு) இருக்கிறது. போன செமஸ்டரில் கிரெடிட் குறைகிறதே என்று அதன் அறிமுகப் பாடத்தை எடுத்தேன். கடைசியில் அந்த செமஸ்டரில் ஒழுங்காகப் படித்துவிட்டு வகுப்புக்குப் போனது அதற்கு மட்டும்தான். இப்போது மைனராகவே எடுத்துவிடலாமா என்று யோசனை. வீட்டில் "இதைப் படிச்சு என்ன செய்யப் போறே" என்கிறார்கள், நண்பர்கள் சிரிக்கிறார்கள் (நான் ஆண், அந்த வகுப்பில் ஆண்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்). படித்தவர்கள் சொல்லுங்கள், உள்ளே போகப் போக வெறும் கொள்கைப் பேச்சாக ஆகிவிடுமா, இல்லை உருப்படியாக ஏதாவது கிடைக்குமா? ரெஸ்யூமேவில் போட்டால் கெடுதலா? வாசிக்க எவ்வளவு இருக்கும்? அடுத்த வருடம் மெஷின் லெர்னிங் பாடங்கள் வேறு வருகின்றன, அதுதான் பயம்.

வெயில்காலம்:

எடுங்கள். நான் பொருளாதாரம் மேஜர், இதே மைனர், முடித்துவிட்டு வேலையில் இருக்கிறேன். ரெஸ்யூமேவில் இருந்ததை யாரும் ஒரு பொருட்டாகக் கேட்டதே இல்லை, நல்லதற்கும் இல்லை கெட்டதற்கும் இல்லை.

கொள்கைப் பேச்சா என்று கேட்டீர்கள், ஒரே ஒரு வகுப்பைச் சொல்கிறேன். ஆர்கெஸ்ட்ராவுக்கு ஆள் எடுக்கும்போது வாசிப்பவரைத் திரைக்குப் பின்னால் வைத்தால் பெண்கள் தேர்வாவது கூடுகிறது என்று க்ளாடியா கோல்டினும் (2023-இல் பொருளாதார நோபல் வாங்கியவர்) சிசிலியா ரௌஸும் 2000-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். அதைப் படித்துவிட்டு வரச் சொன்னார் பேராசிரியை, நாங்களும் ஆகா என்று தலையாட்டினோம். அடுத்த வகுப்பில் கட்டுரையை விட்டுவிட்டு அதன் அட்டவணைகளை மட்டும் திரையில் போட்டு, இப்போது சொல்லுங்கள் என்றார். சில மதிப்பீடுகளில் பிழை வரம்பு ரொம்ப அகலம். தேர்வின் ஒரு சுற்றில் விளைவு நேர் எதிர்த்திசையில் போகிறது. கட்டுரையை எழுதியவர்களே இதை ஒளிக்காமல் சொல்லியும் இருக்கிறார்கள், மேற்கோள் காட்டுகிறவர்கள்தான் அந்த வரிகளைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நமக்குப் பிடித்த முடிவையே இப்படிக் குடையச் சொல்லும் வகுப்பு என் மேஜரில் எனக்குக் கிடைக்கவில்லை.

எல்லா ஆசிரியரும் அப்படி இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நாம் எழுதியது தங்கள் கட்சியா எதிர்க்கட்சியா என்று மட்டும் பார்க்கிறவர்களும் உண்டு. அதனால் பாடத்தின் பெயரைப் பார்த்து மயங்காமல், யார் நடத்துகிறார் என்று சீனியர்களிடம் விசாரித்துவிட்டுச் சேருங்கள்.

கணக்குப்பிள்ளை:

நான் வேண்டாம் என்பேன். பாடத்தின் மேல் கோபமெல்லாம் இல்லை, ஆனால் பெரும்பாலும் ஐந்தாறு பாடம் எடுத்தால்தான் மைனர் கணக்கு முடியும், அது கொஞ்சநஞ்ச நேரம் இல்லை. அந்த இடத்தில் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எடுத்தால் வெயில்காலம் சொன்ன அட்டவணையை யாரும் கைப்பிடித்துச் சொல்லித்தராமலே படித்துவிடலாம். பெண்ணியப் புத்தகங்களை நூலகத்தில் எடுத்துப் படிப்பதை யார் தடுத்தது?

வெயில்காலம்:

யாரும் தடுக்கவில்லை, யாரும் படிப்பதும் இல்லை :) தனியாகப் படித்தால் நமக்குச் சாதகமான வரியில் கோடு போட்டுவிட்டு மூடிவிடுவோம். எதிரில் உட்கார்ந்து "அப்படியா, எங்கே சொல்லியிருக்கிறார் காட்டு" என்று கேட்க ஆள் வேண்டும்.

நீலமை:

மருந்தியல் பக்கத்திலிருந்து ஒன்று. ஸோல்பிடெம் என்ற தூக்க மாத்திரைக்கு 1992-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பெண்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைக்கச் சொன்னது 2013-இல்தான். பெண்களின் உடலிலிருந்து அது மெதுவாக வெளியேறுகிறது, காலையில் கார் ஓட்டும்போதும் ரத்தத்தில் மிச்சம் இருக்கிறது என்பதுதான் காரணம். அதே நாட்டில் கருத்தரிக்கக்கூடிய வயதுப் பெண்களை ஆரம்பக்கட்ட மருந்துச் சோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்ற வழிகாட்டுதல் 1977-இல் வந்து, 1993-இல்தான் விலக்கப்பட்டது. இரண்டுக்கும் நேர்க்கோடு போட்டுவிடக் கூடாது, ஆனால் "சராசரி நோயாளி" என்று பாடப்புத்தகம் சொல்லும் ஆள் யார் என்ற கேள்வியை எனக்கு முதலில் கேட்டது மருந்தியல் வகுப்பு இல்லை, இந்த மைனர் வகுப்புதான்.

கரும்பலகை:

இந்தத் துறையில் உதவி ஆசிரியராக இருக்கிறேன், அதனால் கொஞ்சம் சாய்வு இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி, நீங்கள் மெஷின் லெர்னிங் பக்கம் போகிறவர் என்பதால் உங்களுக்காகவே ஒரு வழக்கு. ஜெனரல் மோட்டார்ஸ் மீது கறுப்பினப் பெண்கள் ஐந்து பேர் போட்ட வழக்கு, தீர்ப்பு 1976. நிறுவனம் 1964-க்கு முன் கறுப்பினப் பெண்களை வேலைக்கே எடுக்கவில்லை, அப்புறம் ஆட்குறைப்பு வந்தபோது பணிமூப்புப்படி கடைசியில் சேர்ந்தவர்களை அனுப்பியது, போனது யார் என்று சொல்லவே வேண்டாம். நீதிமன்றம் என்ன செய்தது? பெண்களை எடுத்திருக்கிறார்களே (அவர்கள் வெள்ளையர்), பாலினப் பாகுபாடு இல்லை என்றது. இனத்தையும் பாலினத்தையும் சேர்த்து ஒரு புது வகையாக வழக்காடவும் விடவில்லை. கிம்பர்லே க்ரென்ஷா என்ற சட்டப் பேராசிரியை 1989-இல் இன்டர்செக்‌ஷனாலிட்டி (இனம், பாலினம் மாதிரியான பாகுபாடுகள் ஒன்றோடொன்று குறுக்கிடுவது) என்று சொன்னது இந்த வழக்கையும் வைத்துத்தான். இதை இனம் ஒரு பக்கம், பாலினம் ஒரு பக்கம் என்று இரண்டுக்கு இரண்டு அட்டவணையாகப் போட்டுப் பாருங்கள், ஓரத்துக் கூட்டுத்தொகைகளை மட்டும் பார்த்துவிட்டு உள்ளே இருந்த கட்டத்தைப் பார்க்காமல் விட்டிருக்கிறார்கள்.

இப்போது 2018-க்கு வாருங்கள். ஜாய் புவோலாம்வினியும் டிம்னிட் கெப்ருவும், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று வணிக மென்பொருள்களை அதே மாதிரி கட்டம் கட்டமாகப் பிரித்துச் சோதித்தார்கள். வெளிர்நிற ஆண்களிடம் பிழை அதிகபட்சம் 0.8 சதவீதம். கருநிறப் பெண்களிடம் 34.7 சதவீதம் வரை போனது. மொத்தத் துல்லியத்தை மட்டும் பார்த்தால் இது கண்ணிலேயே படாது.

கணக்குப்பிள்ளை "இதற்குத்தான் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்" என்பார், சரி, பாதி அதுதான். மீதிப் பாதி, முகத்தை இரண்டே பெட்டியில் போட வேண்டும் என்று யார் முடிவு செய்தது, அந்தப் பெட்டிகள் எங்கிருந்து வந்தன என்பது. அதற்குப் பாலினக் கோட்பாட்டாளர் ஜூடித் பட்லரின் எழுத்தோடு மல்லுக்கட்டத்தான் வேண்டும், குறுக்கு வழி இல்லை. பாலியல்பு பக்கமும் இதே கதைதான், தன்பாலீர்ப்பு அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியலிலிருந்து 1973-இல் நீங்கியது, உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலிலிருந்து 1990-இல். ஒரு வகைப்பாட்டைப் போடுவதும் எடுப்பதும் யார் கையில் இருக்கிறது என்பதை டேட்டாவுக்கு லேபிள் ஒட்டும் ஆள் யோசிக்காமல் வேறு யார் யோசிப்பது?

நடைமுறை விஷயம்: வேறு துறைகள் நடத்தும் பாடங்களும் இந்த மைனருக்குக் கணக்காகும், உங்கள் மேஜருக்கும் மைனருக்கும் சேர்த்து எத்தனை பாடம் எண்ணலாம் என்று ஆலோசகரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். வாசிப்பு நிறையத்தான், ஆனால் அறிமுகப் பாடத்தை வைத்து அளக்காதீர்கள், தியரி பாடத்தில் இருபது பக்கத்துக்கு ஒரு மாலை முழுக்கப் போகும். மெஷின் லெர்னிங் இருக்கும் செமஸ்டரில் தியரியைப் போடாதீர்கள். எழுத்துப் பயிற்சி இல்லாத அறிவியல் மாணவர்கள் அங்கேதான் திணறுகிறார்கள், புத்தி குறைவால் இல்லை, ஒரு பத்தியில் ஒரு வாதத்தை நிறுத்தி எழுதிப் பழகாததால்.

ஆணாக இருப்பது பற்றி: ஏதாவது விவாதம் வந்தால் "ஆண்கள் என்ன நினைக்கிறார்கள்" என்று உங்களைத் திரும்பிப் பார்ப்பார்கள். உலகத்து ஆண்களுக்கெல்லாம் நீங்கள் பிரதிநிதி இல்லை, தெரியாது என்று சொல்லிவிடலாம். ஆண்மை பற்றி எழுதிய சமூகவியலாளர் ரேவின் கானெலைப் படிக்கும் வாரத்தில் பாடமே ஆண்கள்தான், அப்போது பேசுங்கள்.

அரைத்தூக்கம்:

எல்லோருக்கும் நன்றி. அந்த இரண்டுக்கு இரண்டு அட்டவணையைப் படித்ததும், போன மாதம் ஒரு அசைன்மென்ட்டில் மொத்தத் துல்லியம் 94 என்று பெருமையாக ஒப்படைத்தது ஞாபகம் வந்தது, பிரித்துப் பார்க்கச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. கரும்பலகை அக்கா (அக்காதானே?), தியரியை முதலில் முடித்துவிட்டு மற்றவற்றுக்குப் போவதா, கடைசியில் வைப்பதா?

கரும்பலகை:

அக்காதான். அடுத்த செமஸ்டரிலேயே எடுங்கள். கடைசியில் வைத்தால் மற்ற பாடங்களில் எல்லாரும் எதைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள் என்றே புரியாது.

கணக்குப்பிள்ளை:

சரி, எடுங்கள். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ஒன்றையாவது அதன் நடுவில் நுழைத்துவிடுங்கள், கட்டத்தில் ஆள் ரொம்பக் குறைவாக இருந்தால் 34.7 என்ற எண்ணை எவ்வளவு நம்பலாம் என்று பட்லர் சொல்லமாட்டார்.