செம்பு அயனிக் கருவி பொருத்திய குளத்தில் பிஎச் மீண்டும் மீண்டும் ஏறுவது ஏன்?

தோப்புவீட்டுக்காரி, பொள்ளாச்சி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தென்னந்தோப்பு வீட்டில் 8 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் சராசரியாக ஒன்றரை மீட்டர் ஆழமும் கொண்ட நீச்சல் குளம் ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ 60,000 லிட்டர் பிடிக்கும். இளைய மகனுக்குத் தோல் ஒவ்வாமை உண்டு என்பதால், குளோரினைக் குறைக்க எண்ணிச் நீரில் சிறிதளவு செம்பைக் கரையவிடும் செம்பு அயனிக் கருவி ஒன்றைப் பொருத்தினோம். பொருத்தியவர்கள், இனி எந்த ரசாயனமும் தேவைப்படாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

குளத்தை நிரப்பியது போர் தண்ணீர். முதல் சோதனையில் பிஎச் (நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) 8.2, மொத்தக் காரத்தன்மை லிட்டருக்கு 240 மி.கி., கால்சியம் கடினத்தன்மை (நீரில் கரைந்துள்ள சுண்ணாம்பு) 520 மி.கி., செம்பு 0.3 மி.கி. என வந்தது. இரண்டு லிட்டர் ஆசிட் ஊற்றினால் பிஎச் 7.4க்கு இறங்குகிறது, மூன்றாம் நாள் பழையபடி 8.2க்கு வந்து நிற்கிறது. இப்படி இரண்டு முறை செய்து பார்த்துவிட்டேன். நேற்று அளந்தபோது காரத்தன்மை 205 இருந்தது. நீர்மட்டத்தை ஒட்டிய டைல்ஸில் வெள்ளைப் படிவும், மூன்றாம் படியில் நீலப்பச்சைக் கறையும் தெரிகின்றன. குளத்தின் ஓரத்தில் சிங்கமுகத் தாரை ஒன்று பகல் முழுவதும் நீரைக் கொட்டிக்கொண்டிருக்கிறது. ஊற்றும் ஆசிட் எல்லாம் வீண்தானா? குளத்தைக் காலி செய்துவிட்டுப் புதிதாக நிரப்ப வேண்டுமா?

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்

வணக்கம் அம்மா. தயவுசெய்து குளத்தைக் காலி செய்யாதீர்கள். மறுபடி நிரப்பப் போவதும் அதே போர் தண்ணீர்தானே.

உங்கள் ஆசிட் வீணாகவில்லை என்பதற்கான சான்றை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பிஎச் திரும்பி ஏறியது. ஆனால் 240 ஆக இருந்த காரத்தன்மை 205க்கு இறங்கிய பிறகு ஏறவில்லை. பிஎச் என்பது இந்த நேரத்தில் நீர் எப்படி இருக்கிறது என்பதைக் காட்டும் எண். காரத்தன்மையோ, நீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டின் இருப்பு. ஆசிட் ஊற்றும்போது இந்த பைகார்பனேட்டில் ஒரு பகுதி கரியமில வாயுவாக மாறி நீரில் தங்குகிறது. அதனால் பிஎச் இறங்குகிறது. கோலி சோடாவைத் திறந்து வைத்தால் வாயு வெளியேறுவதைப் போல, அந்த வாயு இரண்டு மூன்று நாளில் காற்றில் கலந்துவிடுகிறது, பிஎச் ஏறுகிறது. உங்கள் சிங்கமுகம் சோடாவைக் குலுக்கும் வேலையைப் பகல் முழுவதும் செய்துகொண்டிருக்கிறது.

இந்த இயல்பையே நமக்குச் சாதகமாக்கிக்கொள்ளலாம். ஆசிட் ஊற்றிய பின் தாரையை ஓடவிட்டு, பிஎச் 8ஐ நெருங்கியதும் மறுபடி ஊற்றுங்கள். 205இலிருந்து 80 வரை இறக்க, 33 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் மொத்தம் 14 லிட்டர் அளவுக்குத் தேவைப்படும். காரத்தன்மை 120க்குக் கீழே வந்ததும் ஒரு முறைக்கு ஒரு லிட்டருக்கு மேல் வேண்டாம். இருப்பு குறைந்த நீரில் அதே இரண்டு லிட்டர் பிஎச்சை 7 வரை கூட இழுத்துவிடும். பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போது, வாளித் தண்ணீரில் ஆசிட்டை விட்டு ஊற்றுங்கள். ஆசிட்டில் தண்ணீரை ஒருபோதும் விடாதீர்கள். 80ஐ எட்டியபின் தாரையை விருந்தினர் வரும் நாளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சுண்ணாம்பு படியுமா, நீர் சுண்ணாம்பை அரிக்குமா என்று கணக்கிட லாங்கிலியர் 1936இல் வகுத்த குறியீடு இருக்கிறது. சுழியத்திலிருந்து 0.3 வரை இருபுறமும் நல்லது. 29 டிகிரி வெப்பத்தில் உங்கள் நீருக்கு அது சுமார் 1.4, அதாவது நீர் சுண்ணாம்பைப் படியவிட்டுக்கொண்டே இருக்கிறது. கடினத்தன்மையைத் தொடாமலேயே பிஎச் 7.4, காரத்தன்மை 80 என்று கொண்டுவந்தால் அது 0.2க்கு வந்துவிடும். நீலப்பச்சைக் கறையும் இதன் விளைவுதான். புளி போட்டுத் துலக்காத செப்புக் குடத்தில் களிம்பு ஏறுவதைப் போல, பிஎச் உயர்ந்த கார்பனேட் நீரில் செம்பு கரைந்து நிற்காமல் படிகிறது. கருவியின் அளவைக் கூட்டினால் கறைதான் கூடும்.

விடுதிப் பராமரிப்பாளர், ஆனைகட்டி

ஆசிரியர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். வெயில் காலத்தில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானாலும் உங்கள் குளத்தில் 200 லிட்டர் குறையும். நீர்தான் ஆவியாகிறது, சுண்ணாம்பு தங்கிவிடுகிறது. அந்தக் குறையைப் போர் தண்ணீரால் ஈடுகட்டினால் கடினத்தன்மை மாதத்துக்கு 50 மி.கி. வரை கூடும். நாங்கள் கூரையில் விழும் மழைநீரைத் தொட்டியில் சேர்த்து, குளத்துக்கு அதைத்தான் விடுகிறோம். மழைநீரில் கடினத்தன்மை இல்லை என்றே சொல்லலாம். பிளீச்சிங் பவுடரையும் தவிர்த்துவிடுங்கள், அதிலும் சுண்ணாம்பு இருக்கிறது. அதை ஆசிட்டுக்கு அருகில் வைப்பதுகூட ஆபத்து. இரண்டும் கலந்தால் நச்சு வாயு கிளம்பும்.

தோப்புவீட்டுக்காரி

மிக்க நன்றி ஐயா. டைல்ஸில் இருந்த வெள்ளைப் படிவின் மேல் அரை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து பார்த்தேன்; பொசுபொசுவென்று நுரைத்து, அந்த இடம் மட்டும் பளிச்சென்று ஆகிவிட்டது. சுண்ணாம்புதான் என்று உறுதியானது. இன்னும் ஒரு சந்தேகம் இருக்கிறது. நீர் சமநிலைக்கு வந்தபின் குளோரினை முழுவதுமாக விட்டுவிடலாமா?

குழந்தை மருத்துவர்

வேண்டாம், சகோதரி. செம்பு பாசியை நன்றாகக் கட்டுப்படுத்தும். ஆனால் கிருமிகளைக் கொல்வதில் அது மெதுவானது. குளிக்கும் ஒருவர் உடலிலிருந்து வரும் கிருமி, அடுத்தவர் வாய்க்குள் போகும் முன் அழிய வேண்டும் அல்லவா? 2024இல் நம் பக்கத்து மாநிலமான கேரளத்தில் குளத்தில் குளித்த குழந்தைகள் மூளையைத் தாக்கும் அமீபாவால் இறந்ததை நாம் மறந்துவிடக் கூடாது. கிருமிநீக்கம் செய்யாத வெதுவெதுப்பான நன்னீர் அதற்குத் தோதான இடம்.

மகனின் தோலுக்காகக் குளோரினைக் குறைக்கலாம், நிறுத்தக் கூடாது. லிட்டருக்கு 1 மி.கி. எப்போதும் இருக்கட்டும். பிஎச் 8.2இல் அந்தக் குளோரினில் ஐந்தில் ஒரு பங்குகூட வீரியமான வடிவில் இருப்பதில்லை, 7.4இல் பாதிக்கு மேல் இருக்கும். ஆகவே ஆசிரியர் காட்டிய சமநிலைதான் குறைந்த குளோரினையே போதுமானதாக ஆக்கும். குளத்தில் இறங்கும் முன்பும் ஏறிய பின்பும் மகனை நல்ல தண்ணீரில் குளிக்க வையுங்கள். துடைத்த உடனே, ஈரம் காயும் முன், அவனுக்கு வழக்கமாகத் தடவும் களிம்பைத் தடவிவிடுங்கள்.