'களம்பெயர்ப்பு': ரஷ்ய நாடகம் ஸ்காட்லாந்துக்குப் போகும்போது

அன்புள்ள நண்பர்களே, வணக்கம்.

ஒரு நாடகத்தை ஊரும் காலமும் மாற்றி, வேறொரு மண்ணில் நடப்பதாகத் திருப்பி எழுதுவதற்கு என்ன சொல் வைப்பது என்று நம்மில் ஒருவர் கேட்டிருந்தார். 'தழுவல்' போதாதா என்று இன்னொருவர் எழுதியிருந்தார். போதாது என்பது என் எண்ணம். நாவலைப் படமாக எடுத்தாலும் தழுவல், கதையைச் சுருக்கினாலும் தழுவல், முடிவை மாற்றினாலும் தழுவல். இங்கே நடப்பது அதைவிடக் குறிப்பான வேலை.

ஸ்காட்லாந்து நாடகாசிரியர் ஜான் பைர்ன், ரஷ்ய எழுத்தாளர் செக்காவின் நாடகங்களை வைத்துச் செய்ததைப் பாருங்கள். 2014-இல் கிளாஸ்கோவின் டிரான் அரங்குக்காக 'மூன்று சகோதரிகள்' நாடகத்தை 1960-களின் டனூனுக்குக் கொண்டுபோனார். கிளைட் கழிமுகத்தை ஒட்டிய சின்ன ஊர் அது. மூலத்தில் ஊருக்கு உயிரூட்டுவது அங்கே தங்கியிருக்கும் பீரங்கிப் படை. அந்தப் படை கிளம்பினால் ஊரே காலி. டனூன் பக்கத்திலோ ஹோலி லாக் என்ற கடற்கழியில் 1961 முதல் அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல்தளம் இருந்தது. சீருடைக்காரர்கள் வந்து போகும் ஊர் என்பதை அவர் கற்பனை செய்ய வேண்டியிருக்கவில்லை. மாஸ்கோவை விட்டு வந்து பதினொரு ஆண்டாகியும் அந்நகரையே நினைத்து ஏங்கும் பெண்கள், இங்கே லண்டனுக்காக ஏங்குகிறார்கள். கிளாஸ்கோ என்று வைத்திருந்தால் ஏக்கமே நின்றிருக்காது. படகும் ரயிலும் பிடித்தால் போய்விடலாமே!

2010-இல் எடின்பரோவின் ராயல் லைசியம் அரங்குக்காக அவர் எழுதிய 'செர்ரித் தோட்டம்' 1979-இன் ஸ்காட்லாந்தில் நடக்கிறது. மூலம் 1904-இல் மேடையேறியது. 1861-இல் பண்ணையடிமை முறை ஒழிந்த பிறகு, அடிமையின் பேரனான லோபாகின், தன் அப்பனையும் தாத்தனையும் சமையலறைக்குள்கூட விடாத பண்ணையை ஏலத்தில் எடுக்கிறான். அதன் எடையைத் தாங்க ஒரு கனமான ஆண்டு வேண்டும். 1979 மார்ச்சில் தன்னாட்சி மன்றத்துக்கு ஸ்காட்லாந்து வாக்களித்தது. 51.6 விழுக்காடு ஆதரவு கிடைத்தும், மொத்த வாக்காளரில் 40 விழுக்காட்டைத் தொடவில்லை என்று மன்றம் கிடைக்காமல் போனது. மே மாதம் மார்கரெட் தாட்சர் பிரிட்டனின் பிரதமராக வந்தார். பணம் கையிலுள்ளவன் பழைய வீட்டை வாங்கும் கதைக்கு இதைவிடப் பொருத்தமான நேரம் எது?

தொல்காப்பியம் இந்த வேலையைப் புரிந்துகொள்ள நமக்கு வழி கொடுத்திருக்கிறது. ஒரு திணையில் நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்துத் தெய்வம், உணவு, மரம், பறவை, தொழில் எல்லாம் கருப்பொருள். மனத்தின் ஒழுக்கம் உரிப்பொருள். பைர்ன் முதலையும் கருவையும் மாற்றி உரியை விடாமல் பிடித்துக்கொள்கிறார். உடையையும் அரங்க அமைப்பையும் மட்டும் மாற்றும் இயக்குநர் இதைச் செய்வதில்லை. அதற்கு இந்தச் சொல்லைத் தரக்கூடாது.

அப்படியானால் 'திணைபெயர்ப்பு' என்று வைக்கலாமே என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் திணை என்றதும் உயர்திணை, அஃறிணை நினைவுக்கு வரும். இலங்கை வாசகருக்குத் திணைக்களமும் (அரசுத் துறை) வரும். 'இடமாற்றம்' அரசு ஊழியருக்கு வரும் உத்தரவு. 'இடப்பெயர்வு' போரில் வீடிழந்தவர்களின் சொல், அதைத் தொடவே மனம் வரவில்லை. 'நிலப்பெயர்ப்பு' அழகு, ஆனால் காலம் விட்டுப்போகிறது.

ஆகவே என் பரிந்துரை 'களம்பெயர்ப்பு'. கதைக்களம் என்றால் ஊரும் காலமும் சேர்ந்தே வரும், சினிமா விமரிசனம் படிக்கிறவருக்கும் தெரிந்த சொல். மொழிபெயர்ப்புக்குப் பக்கத்தில் இயல்பாக உட்காருகிறது. 'களப்பெயர்ப்பு' என்று வலி மிக வேண்டாமா என்று கேட்பீர்கள். புலம்பெயர் என்பதில் மகரம் நிற்கிறதல்லவா, அதே வழக்கு போதும். புலம்பெயர்ந்தவர்கள் தாமே பெயர்ந்தவர்கள், எனவே பெயர்வு. நாடகத்தை ஒருவர் பெயர்க்கிறார், எனவே பெயர்ப்பு. ஆங்கில எழுத்தாளர் லிட்டனின் கதைக் கவிதையைப் பாண்டிய நாட்டில் வைத்த 1891-இன் 'மனோன்மணீயம்' நூலையும் இந்தச் சொல்லாலேயே குறிக்கலாம்.

வினையாக்கி ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: "பைர்ன் மூன்று சகோதரிகளை டனூனுக்குக் களம்பெயர்த்தார்." காதில் உறுத்தினால் எழுதுங்கள், 'நிலப்பெயர்ப்பு' பற்றி மறுபடி பேசுவோம்.