தெருக் குழு, பாளையங்கோட்டை: மிக்சர் கடையில் சோதனை

செல்வி மைனி: முக்குப் பலகாரக் கடைக்கு இன்று உணவு பாதுகாப்பு அலுவலர் வந்தாராம். கடை இப்பவும் திறந்துதான் இருக்கிறது!

ராஜேஷ்: காசு கொடுத்து மிக்சர் வாங்கிக்கொண்டு போனாரே, நானே பார்த்தேன். புகார் கொடுத்தது நான். எரிச்சலாக இருக்கிறது.

சண்முகம் அண்ணாச்சி: தம்பி, அவர் வாங்கியது தின்பதற்கு இல்லை, பரிசோதனைக்கு எடுத்த மாதிரி (சாம்பிள்). அதற்கு விலை கொடுத்தே ஆக வேண்டும், 2006ஆம் வருஷ உணவு பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. அந்தத் துறையில் வேலை பார்த்தவன் சொல்கிறேன், அவரைத் தப்பாகப் பேசாதே.

சண்முகம் அண்ணாச்சி: அந்த மிக்சரை நாலு பங்காக்கி சீல் வைப்பார்கள். ஒன்று பகுப்பாய்வுக் கூடத்துக்கு, அது நம்ம ஊரிலேயே இருக்கிறது. இரண்டு நியமன அலுவலரிடம், அதாவது மாவட்டத்தில் இந்தத் துறைக்குப் பொறுப்பான மேலதிகாரியிடம், பத்திரமாக இருக்கும். நாலாவதை, கடைக்காரர் கேட்டால், அங்கீகாரம் உள்ள வேறு ஆய்வகத்துக்கு அனுப்பணும். இரண்டு அறிக்கையும் ஒத்துப்போகாவிட்டால், பத்திரமாக வைத்ததில் ஒன்று மேல் ஆய்வகத்துக்குப் போகும். அங்கே சொல்வதுதான் முடிவு.

செல்வி மைனி: எத்தனை நாள் ஆகும் அண்ணாச்சி?

சண்முகம் அண்ணாச்சி: 14 நாளில் அறிக்கை தரணும். இன்றைக்கே பூட்டிவிட்டு, அப்புறம் மிக்சரில் குறை இல்லை என்று வந்தால், அங்கே வேலை செய்கிற பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்வது?

முபீனா அக்கா: அடுப்படி அழுக்காக இருந்தால் அதற்கும் ஆய்வகமா?

சண்முகம் அண்ணாச்சி: வேண்டாம்மா. பார்த்ததை எழுதி, இத்தனை நாளுக்குள் சரிசெய் என்று நோட்டீஸ் கொடுப்பார்கள். செய்யாவிட்டால் உரிமத்தை நிறுத்தி வைக்கலாம், அப்புறமும் திருந்தாவிட்டால் ரத்து. சுத்தமில்லாமல் தயாரித்தால் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். எண்ணெயை அங்கேயே கருவி வைத்துப் பார்க்கலாம். திரும்பத் திரும்பக் காய்ச்சினால் எண்ணெய் கெட்டு அதில் போலார் சேர்மங்கள் என்ற பொருள்கள் கூடும்; அவை 25 சதவீதம் தாண்டினால் அதில் பொரிக்கவே கூடாது.

ராஜேஷ்: மிக்சரின் ஆரஞ்சுச் சாயம் கையில் ஒட்டுகிறது அண்ணாச்சி, அதனால்தான் புகார் கொடுத்தேன்.

சண்முகம் அண்ணாச்சி: நல்ல காரியம் செய்தாய். மிக்சரில் செயற்கை நிறமே சேர்க்கக் கூடாது. 2024 பிப்ரவரியில் பஞ்சுமிட்டாய்க்குத் தடை வந்ததே, ரோடமின்-பி என்ற, உணவில் சேர்க்கக் கூடாத சாயம் இருப்பதை ஆய்வகம் உறுதி செய்த பிறகுதான் வந்தது. பில், பொட்டலத்தின் படம், 14 இலக்க உரிம எண் எல்லாம் அனுப்பினாயா?

ராஜேஷ்: பில் தரவில்லை. படம் மட்டும் அனுப்பினேன். வீட்டில் மிச்சம் இருப்பதை நாமே ஆய்வகத்தில் கொடுக்கலாமா?

சண்முகம் அண்ணாச்சி: பரிசோதிக்கத்தான் வாங்குகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லியிருக்கணும். கட்டணமும் உண்டு, குறை இருப்பது தெரிந்தால் திருப்பித் தருவார்கள். இப்போதைக்கு அலுவலர் எடுத்த மாதிரியே போதும்.

செல்வி மைனி: சரி, அறிக்கை வரட்டும். அதுவரை என் பிள்ளைகளுக்கு அந்த மிக்சர் கிடையாது.