வாரம் ஒன்று குடிக்க வேண்டிய வைட்டமின் டி சாஷேயை அம்மா தினமும் குடித்துவிட்டார். எப்போது இறங்கும்?

மன்னார்குடி மகள்:

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 63 வயது. மன்னார்குடியில் தனியாக இருக்கிறார், நான் சென்னையில். மே மாதம் முழங்கால் வலி என்று எலும்பு டாக்டரிடம் போனார். ரத்தத்தில் வைட்டமின் டி குறைவு, 11 என்று வந்தது. 60,000 யூனிட் சாஷே வாரத்துக்கு ஒன்று, எட்டு வாரம். கால்சியம் மாத்திரை காலை ஒன்று, இரவு ஒன்று. கூடவே பி12. சீட்டு முழுக்க ஆங்கிலம். மருந்துக்கடையில் எல்லாவற்றையும் சின்னக் காகிதக் கவர்களில் போட்டு, காலை, மதியம், இரவு என்ற கட்டங்களில் டிக் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். சாஷே கவரில் ‘காலை’ கட்டத்தில் ஒரு டிக். அவ்வளவுதான்.

அம்மா தினமும் காலையில் ஒன்றைப் பிரித்துப் பாலில் கலந்து குடித்திருக்கிறார். எட்டு நாளில் தீர்ந்ததும் காலி சாஷேயைத் தெருமுனை ஆட்டோக்காரத் தம்பியிடம் கொடுத்தனுப்பி, அடுத்த எட்டு. பிறகு அடுத்த எட்டு. மருந்து வேளை தவறக்கூடாது என்பதில் அம்மா அவ்வளவு கறார்.

ஜூன் கடைசியில் சாப்பாடு இறங்கவில்லை என்றார். மலச்சிக்கல். ஓயாத தாகம், ராத்திரி நாலைந்து முறை எழுந்து பாத்ரூம். சுகர் வந்துவிட்டது என்று நினைத்து நான்தான் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினேன். சுகர் 104. நிம்மதியாக விட்டுவிட்டேன். அப்புறம் ஒரு நாள், ஒரே போன் பேச்சில் மூன்று முறை “இன்னைக்கு என்ன கிழமை?” என்று கேட்டார். பிரதோஷம், கிருத்திகை எல்லாம் காலண்டரைப் பார்க்காமலே சொல்கிற ஆள் அவர். அன்றிரவே பஸ் ஏறினேன்.

தஞ்சாவூரில் சேர்த்தோம். கால்சியம் 13.6, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் 2.1, இரண்டுமே அதிகம். வைட்டமின் டி “150-க்கு மேல்” என்று மட்டும் ரிப்போர்ட்டில் இருந்தது. ஐந்து நாள் சலைன் ஏற்றினார்கள், எலும்பிலிருந்து கால்சியம் கரையாமல் இருக்க ஒரு ஊசி போட்டார்கள். இப்போது கால்சியம் 11.1, வீட்டுக்கு வந்துவிட்டோம். ஆளும் தெளிவாகிவிட்டார். டிஸ்சார்ஜ் அன்று டாக்டருக்கு அவசரம், எல்லாவற்றையும் கேட்க முடியவில்லை. அதனால்தான் இங்கே:

சாஷேயை நிறுத்தியாகிவிட்டது, பிறகும் ஏன் வாராவாரம் ரத்தம் பார்க்கச் சொல்கிறார்கள்? பி12 மாத்திரையும் இப்படி ஆபத்தாகுமா? பி.பி. மாத்திரையைக்கூட மாற்றிவிட்டார்கள், அது ஏன்? ராகிக் கஞ்சி கொடுக்கலாமா? பில்களைக் கூட்டிப் பார்த்தேன், ஏழு பில், மொத்தம் 56 சாஷே. நினைத்தாலே வயிறு கலங்குகிறது.

ஓய்வுபெற்ற வாத்தியார்:

அம்மா நலமானதில் மகிழ்ச்சி, மகளே. இதற்குத்தான் நான் மாத்திரை பக்கமே போவதில்லை. காலை ஆறரை மணி இளவெயிலில் அரை மணி நேரம் நடக்கச் சொல்லுங்கள், ராகிக் கஞ்சி, முருங்கைக்கீரை கொடுங்கள். இயற்கையாக வருவது எதுவும் உடம்புக்கு அதிகமாகாது.

மருந்துக்கடைக்காரன்:

வாத்தியார் ஐயா கோபிக்கக் கூடாது. அவர் சொன்னதை இந்த அம்மாவுக்கு இப்போது செய்ய வேண்டாம். காரணத்தைக் கீழே சொல்கிறேன். மதுரைப் பக்கம் 27 வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். டாக்டர் இல்லை, தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அந்தக் கவர் விஷயம். குற்றம் எங்கள் தொழிலுடையது. அந்தக் கவரில் காலை, மதியம், இரவு என்று மூன்று கட்டம்தான். ‘வாரம்’ என்று ஒரு கட்டம் கிடையாது. நாள்தோறும் சாப்பிடும் பி.பி. மாத்திரைக்கும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் குடிக்கும் சாஷேக்கும் ஒரே கவர், ஒரே டிக். அப்புறம் காலி உறையைக் காட்டினால் மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுப்பது. எட்டு வாரத்துக்கானது எட்டு நாளில் எப்படித் தீர்ந்தது என்று கேட்கக் கல்லாவில் யாருக்கும் நேரமில்லை. என் கடையிலும் சில வருடங்களுக்கு முன் இது மாதிரி நடக்க இருந்தது, மயிரிழையில் தப்பினோம். அதிலிருந்து ஒவ்வொரு சாஷே மேலும் தனித்தனியாக மார்க்கரில் ‘ஞாயிறு’ என்று எழுதித்தான் கொடுக்கிறேன். தேதி கிழிக்கும் காலண்டரில் எட்டு ஞாயிறுகளையும் வட்டம் போடச் சொல்லுவேன். இத்தனைக்கும் எட்டு சாஷே எழுத அரை நிமிடம்கூட ஆகாது.

கணக்கைப் பாருங்கள். ஒரு ஆளின் ஒரு நாள் தேவை சுமார் 600 யூனிட். ஒரு சாஷே 60,000, அதாவது நூறு நாள் தேவை. 56 சாஷே என்றால் 33 லட்சத்து 60 ஆயிரம் யூனிட், பதினைந்து வருடத்துக்கும் மேலான பங்கு. எடைக் கணக்கில் பார்த்தால் சிரிப்பு வரும்: 40 யூனிட் சேர்ந்தது ஒரு மைக்ரோகிராம், ஆக எல்லாம் சேர்த்து 84 மில்லிகிராம். ஒரு சிட்டிகை உப்புகூட அதைவிட எடை அதிகம். சாஷேயில் மற்றதெல்லாம் சர்க்கரை மாதிரிச் சேர்மானங்கள்தான்.

ஏன் சட்டென்று இறங்காது? ஏ, டி, ஈ, கே நான்கும் கொழுப்பில் கரைபவை. தேவைக்கு மேல் வந்தால் சிறுநீரில் போகாது, ஈரலிலும் கொழுப்பிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். டி-யின் வேலை குடலிலிருந்து கால்சியத்தை இழுத்து ரத்தத்தில் சேர்ப்பது. அளவு மிஞ்சினால் எலும்பிலிருந்தும் இழுக்கும். கால்சியம் ஏறினால் சிறுநீரகத்தால் தண்ணீரைப் பிடித்து வைக்க முடியாது, அதனால்தான் அம்மாவுக்கு அத்தனை தடவை சிறுநீரும் தாகமும். சுகர் என்று நீங்கள் நினைத்ததில் தப்பே இல்லை, அறிகுறி அப்படித்தான் இருக்கும். தண்ணீர் வற்ற வற்ற ரத்தத்தில் கால்சியம் இன்னும் ஏறும். சலைன் போட்டது அந்தச் சுற்றை அறுக்கத்தான். இப்போது நிறுத்திவிட்டாலும் கொழுப்பில் இருக்கிற சரக்கு மெல்ல மெல்ல வெளியே வந்துகொண்டிருக்கும். முழுக்க இறங்க மாதக்கணக்கில் ஆகலாம். நடுவில் கால்சியம் மறுபடி ஏறுகிறதா என்று பார்க்கத்தான் வாராவாரம் ரத்தம்.

பி.பி. மாத்திரை: பழைய அட்டையைப் பாருங்கள், பெயருக்குப் பின்னால் ‘எச்’ என்று ஒரு எழுத்து இருக்கும் என்று நினைக்கிறேன். அது சிறுநீரை வெளியேற்றும் தயாசைடு வகை மருந்து. சிறுநீரில் கால்சியம் போவதை அது தடுக்கும். சாதாரண நாளில் பரவாயில்லை, இந்த நிலையில் எரிகிற கொள்ளியில் எண்ணெய். டாக்டர் மாற்றியது சரி. பழைய அட்டை மீதி இருந்தால் அம்மா கையில் கிடைக்காமல் எடுத்து வையுங்கள்.

பி12 வேறு ஜாதி. தண்ணீரில் கரையும், மிஞ்சியது சிறுநீரில் போய்விடும். அசைவம் சாப்பிடாதவர்களுக்குப் பெரும்பாலும் பால், தயிர் வழியாகத்தான் அது கிடைக்கும், அதனால் நம் ஊரில் குறைபாடு சாதாரணம். டாக்டர் தொடரச் சொல்லியிருந்தால் பயப்படாமல் தொடருங்கள். ஆனால் அட்டையைத் திருப்பி, சேர்மானத்தில் டி3 (அதுவும் வைட்டமின் டி-தான்) இருக்கிறதா என்று ஒரு தடவை படித்துவிடுங்கள். ‘மல்டி வைட்டமின்’, ‘மூட்டுக்கு’, ‘நரம்புக்கு’ என்று வருகிற பலவற்றில் டி ஒளிந்திருக்கும்.

வாத்தியார் ஐயாவுக்கு இரண்டு வார்த்தை. வெயிலால் டி அளவு மிஞ்சாது என்பது உண்மை. அளவு கூடினால் அதே வெயில் தோலில் உருவானதைச் சிதைத்துவிடும். ஆனால் ஆறரை மணி வெயிலில் டி அநேகமாக உருவாகவே செய்யாது, சூரியன் மேலே ஏறியிருக்க வேண்டும். இந்த அம்மாவுக்கோ எந்த வெயிலும் இப்போது வேண்டாம், கால்சியம் இறங்கட்டும். ராகியும் அப்படியே: நூறு கிராமில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம். நல்ல சாப்பாடுதான், கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். பால் எவ்வளவு என்று டாக்டரிடம் கேளுங்கள். இயற்கை அதிகமாகாது என்பதும் சரியில்லை ஐயா. 1597-ல் வடதுருவப் பனியில் சிக்கிய டச்சு மாலுமிகள் பனிக்கரடி ஈரலைத் தின்றார்கள். மூன்று பேருக்கு உடம்பெல்லாம் தோல் உரிந்தது. ஈரலில் அவ்வளவு வைட்டமின் ஏ.

லேப்காரி:

கடைக்கார அண்ணன் விவரமாகச் சொல்லிவிட்டார். ஒன்று மட்டும். ஒவ்வொரு முறையும் ஒரே லேபில் பாருங்கள். டி அளவை நானோகிராமில் தருகிறவர்களும் உண்டு, நானோமோலில் தருகிறவர்களும் உண்டு. இரண்டாவது எண் இரண்டரை மடங்கு பெரிதாக இருக்கும், பார்த்துப் பதறிவிடுவீர்கள். கால்சியத்தோடு ஆல்புமின் என்ற ரத்தப் புரதத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், ஆல்புமின் குறைந்திருந்தால் கால்சியமும் குறைந்த மாதிரி பொய்க்கணக்கு காட்டும். அம்மா முடி கொட்டுவதற்கு பயோட்டின் ஏதும் சாப்பிட்டால் லேபில் சொல்லுங்கள். தைராய்டு உட்படப் பல பரிசோதனைகளை அது குழப்பும்.

திண்டுக்கல் சேகர்:

பி வகை எல்லாமே சிறுநீரில் போய்விடும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு சுகர். உள்ளங்கால் எரிகிறது என்று ஒரு நரம்பு மாத்திரை கொடுத்தார்கள். மூன்று மாதத்துக்கு எழுதியதை நானே நான்கு வருடம் சாப்பிட்டேன், தினம் இரண்டு. எரிச்சல் போய் மரத்துப் போனது. செருப்பு கழன்றதே தெரியாமல் பஸ் ஸ்டாண்டில் பாதி தூரம் நடந்திருக்கிறேன். புது டாக்டர் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒரு மாத்திரையில் 100 மில்லிகிராம் பி6 இருக்கிறது, அதிக அளவில் ரொம்ப நாள் சாப்பிட்டால் அதுவே நரம்பைக் கெடுக்கும் என்றார். நிறுத்தி எட்டு மாதம் ஆகிறது, பாதி தேவலை. சுகருக்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுவதால் பி12 குறையும் என்று அதை மட்டும் தனியாகத் தருகிறார்கள்.

மன்னார்குடி மகள்:

எல்லோருக்கும் நன்றி. பதில் போட இரண்டு வாரம் ஆகிவிட்டது. கால்சியம் 10.4, கிரியாட்டினின் 1.4. அண்ணா, பி.பி. அட்டையில் நீங்கள் சொன்ன அந்த ‘எச்’ இருந்தது, படித்ததும் சிலிர்த்துவிட்டது. பி12 அட்டையையும் திருப்பிப் பார்த்தேன், அதில் டி3 இல்லை.

நேற்று அம்மா தானே உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்தார். அவருக்கில்லை, எனக்கு. “எட்டு வாரம்னு சொல்லியிருந்தா எனக்குப் புரியாதா? நாலாவதுதான் படிச்சேன்னாலும் ஞாயித்துக்கிழமை தெரியாதா?” என்று ஒரே சண்டை. நியாயம்தான்.

இன்னொரு விஷயம். அலமாரியைச் சுத்தம் செய்தபோது மூன்று சாஷே பிரிக்காமல் இருந்தது. 56-ல் மூன்று போக 53 என்று சொன்னேன். அம்மா இல்லை, 51 என்கிறார். மீதி இரண்டு எங்கே என்று கேட்டால், எதிர்வீட்டுச் சித்திக்கும் முட்டி வலியாம், “நல்லா இனிப்பா இருக்கும், குடிச்சுப் பாரு” என்று கொடுத்திருக்கிறார். சித்தி அதையே காட்டித் தனியாக ஒரு டப்பா வாங்கினாராம்.

மருந்துக்கடைக்காரன்:

போனை வைத்துவிட்டு முதலில் எதிர்வீட்டுக்குப் போங்கம்மா. எத்தனை குடித்தார், சாப்பாடு எப்படி, மலம் எப்படி, தாகம் உண்டா என்று கேளுங்கள். தினமும் குடித்திருந்தால் நாளைக்கே கால்சியமும் கிரியாட்டினினும் பார்க்கச் சொல்லுங்கள். இன்றைக்கே வாந்தியோ தடுமாற்றமோ இருந்தால் காத்திருக்க வேண்டாம், நேராக ஆஸ்பத்திரி.

மன்னார்குடி மகள்:

போய்விட்டு வந்தேன். டப்பாவில் எட்டும் அப்படியே இருக்கிறது. பால் சேராது என்று பிரிக்கவே இல்லையாம்.