சூடேறியதும் கத்திகள் நின்றுவிடுகின்றன: ஏறியமர்ந்து ஓட்டும் புல்வெட்டி

கேள்வி (கல்லடியிலிருந்து)

எங்கள் விளையாட்டுக் கழக மைதானத்துக்கென வாங்கிய, ஏறியமர்ந்து ஓட்டும் பழைய புல்வெட்டி ஒன்று என் பொறுப்பில் இருக்கிறது. மாரி மழை விட்டபின் புல் முழங்காலளவு வளர்ந்துவிட்டதால், சென்ற வாரம் மூன்று முறை அதை வெளியே எடுத்தேன். எஞ்சின் ஆறியிருக்கும்போது மஞ்சள் குமிழை மேலே இழுத்தால் ‘டக்’ என்ற சத்தத்துடன் கத்திகள் சுற்றத் தொடங்குகின்றன. ஏறத்தாழ இருபது நிமிடத்தில் வேகம் தளர்ந்து, புல்லை வெட்டாமல் சாய்த்துவிட்டுப் போகின்றன. சற்று நேரத்தில் நின்றேவிடுகின்றன. எஞ்சின் மட்டும் எதுவும் நடவாததுபோல ஓடிக்கொண்டிருக்கிறது. அரை மணி நேரம் நிழலில் நிறுத்திவைத்தால் மறுபடி சுற்றும்.

ஒரு கராச்சில் காட்டியபோது பெல்ட்டை மாற்றினார்கள். குறை அப்படியே இருக்கிறது. இப்போது மின்கிளச் (எஞ்சினின் சுழற்சியைக் காந்த இழுவிசையால் கத்திகளுக்கு இணைக்கும் பகுதி) முழுவதையும் மாற்றச் சொல்கிறார்கள். அதைக் கொழும்பிலிருந்து எடுப்பிக்க வேண்டும் என்பதால், அதற்கு முன் எவற்றைச் சோதிக்கலாம் என்று அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1 (கல்முனையிலிருந்து, வாகன மின்வேலை செய்பவர்)

ஆறினால் சுற்றுகிறது, சூடேறினால் நிற்கிறது என்ற அந்த ஒரு வரியே பாதி விடையைச் சொல்லிவிட்டது. மின்கிளச்சுக்குள் இருப்பது செப்புக் கம்பிச் சுருள். செப்பின் தடை ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் ஏறத்தாழ 0.4 சதவீதம் கூடும். ஆகவே ஆறியிருக்கையில் 3 ஓம் காட்டும் சுருள், 60 பாகை சூடேறினால் 3.7 ஓமுக்கு வந்துவிடும். அதற்கேற்ப மின்னோட்டம் குறையும். காந்த இழுவிசையோ மின்னோட்டத்தைவிட வேகமாகக் குறையும். நல்ல நிலையிலுள்ள கிளச் இதைத் தாங்கும். ஆனால் வயரில் எங்காவது வோல்ற்றளவு விழுந்தாலோ, தட்டுகளுக்கிடையேயான இடைவெளி தேய்மானத்தால் அகன்றிருந்தாலோ, சூடேறியபின் அது பிடியை விட்டுவிடும். இரண்டையும் சரிபார்க்காமல் கிளச்சை மாற்றுவது வீண்செலவு.

கத்தி நின்ற கையோடு எஞ்சினை அணைத்து, தீப்பொறிப் பிளக்கின் வயரைக் கழற்றிவிடுங்கள். பின் ஒருவரை இருக்கையில் அமர்த்தி, சாவியை மட்டும் திறந்து, குமிழை இழுங்கள். கிளச் இணைப்பானைக் கழற்றாமல், அதன் பின்புறமாக வோல்ற் மீற்றரின் முனைகளைச் செருகி அளவெடுக்க வேண்டும். கழற்றி அளந்தால் சுமை இல்லாததால் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே காட்டும். அந்த அளவு பற்றறியின் அளவைவிட ஒரு வோல்ற்றுக்கு மேல் குறைந்திருந்தால் வயரிங்கில்தான் குறை. கடலும் வாவியும் இருபுறமும் இருக்கும் கல்லடியில், நான் முதலில் சந்தேகிப்பது, மின்னோட்டம் பற்றறிக்குத் திரும்பும் வழியாகச் சட்டகத்தில் முடுக்கிய எர்த் வயரைத்தான்.

தட்டுகளின் இடைவெளியைப் பீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) பாருங்கள். கிளச்சின் ஓரத்தில் மூன்று நட்டுகளும் அவற்றின் அருகே மூன்று துவாரங்களும் இருந்தால், அது சரிசெய்யக்கூடிய வகை. பல மாதிரிகளுக்கு 0.3 முதல் 0.45 மில்லிமீற்றர் வரை வைப்பார்கள். உங்கள் இயந்திரத்தின் கைநூல் வேறு அளவைச் சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

பதில் 2 (அக்கரைப்பற்றிலிருந்து)

கல்முனை நானா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பிளக் வயர் கழற்றிய நிலையிலேயே, தடித்த கையுறை போட்டு ஒவ்வொரு கத்தியையும் கையால் சுற்றிப் பாருங்கள். ஒன்று கரகரவென்று இறுகினால் அதன் பெயரிங் போய்விட்டது என்று பொருள். அந்தச் சுமையும் கிளச்சை வழுக்கச்செய்யும். கத்திகளை மூடியிருக்கும் மேலுறையின் அடியில் காய்ந்து கல்லாகிப்போன புல்லையும் சுரண்டிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. நேற்று மாலை எல்லாவற்றையும் பார்த்தேன். பற்றறியில் 12.4 வோல்ற், கிளச் இணைப்பானில் 10.3 வோல்ற். எர்த் வயரின் ஆணியைக் கழற்றியபோது அதன் அடியில் பச்சை நிறக் களிம்பும், சட்டகத்தில் துருவும் தடித்துக் கிடந்தன. மேலிருந்து பார்க்கையில் வயர் புதிதுபோலவே தெரிந்தது. மண்கடதாசியால் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, வயர் முனையையும் மாற்றி முடுக்கிய பிறகு 12 வோல்ற் வருகிறது. இடைவெளி இரண்டு துவாரங்களில் 0.4, மூன்றாவதில் 0.65 மில்லிமீற்றராக இருந்தது, மூன்றையும் 0.35க்குக் கொண்டுவந்தேன். இன்று காலை ஒன்றேகால் மணி நேரம் தொடர்ந்து வெட்டியும் கத்திகள் நிற்கவில்லை.

ஒரு விடயம். இருக்கைக்கு அடியிலுள்ள சுவிச்சை முன்பு யாரோ ஒரு துண்டு வயரால் நேரடியாக இணைத்துவிட்டிருக்கிறார்கள். அதை அப்படியே விடலாமா? வலப்பக்கக் கத்தியும் சற்றுக் கரகரக்கிறது.

பதில் 1

விடவே கூடாது. ஓட்டுபவர் எழுந்தாலோ விழுந்தாலோ கத்தியை நிறுத்துவது அந்தச் சுவிச்தான். மைதானத்தில் பிள்ளைகள் ஓடித்திரியும் இடத்தில் அதை ஏய்ப்பது பெரும் பிழை. வயரை வெட்டியெறிந்து, சுவிச் பழுதாக இருந்தால் புதிதாகப் போடுங்கள். கிளச்சோடு ஒப்பிட்டால் அதன் விலை அற்பம். பெயரிங்கைக் கழற்றி அதன் ஓரத்தில் பொறித்த இலக்கத்தைப் பாருங்கள். 6203 என்றிருந்தால் உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, தடிப்பு 12 மில்லிமீற்றர். அது எங்கும் பாவிக்கப்படும் அளவு என்பதால் மட்டக்களப்பிலேயே வாங்கலாம், கொழும்புக்குச் சொல்லியனுப்பத் தேவையில்லை.