பிரைமரியில் இறுக்கிப் பேசிவிட்டு நவம்பரில் தளர்த்தினால் ஹிஸ்பானிக் வாக்கு திரும்புமா?

வாக்குப்பெட்டி:
2012 அமெரிக்க அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் ராம்னி, பிரைமரியில் (கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தல்) குடியேற்ற விஷயத்தில் இறுக்கிப் பேசியதுதான் நவம்பரில் அவரைக் கவிழ்த்தது என்கிறார்கள். ஆனால் புளோரிடா பிரைமரியில் ஹிஸ்பானிக் (லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர்) வாக்கில் பாதிக்கு மேல் அவருக்குத்தானே விழுந்தது? பிறகு நவம்பரில் நாடு முழுக்க எடுத்த எக்ஸிட் போலில் (வாக்களித்து வெளியே வருவோரிடம் எடுக்கும் கணிப்பு) அது 27 சதவீதமாக வந்தது எப்படி? இடையில் நிலைப்பாட்டைத் தளர்த்தியும் ஏன் பலிக்கவில்லை?

தெற்குவாசல்:
புளோரிடாவை வைத்துக் கணக்குப் போட்டால் தப்பாகத்தான் வரும். அங்கே குடியரசுக் கட்சியில் பதிவு செய்தவர் மட்டுமே அந்தக் கட்சியின் பிரைமரியில் வாக்களிக்கலாம். அந்தப் பட்டியலில் உள்ள ஹிஸ்பானிக்குகளில் மயாமி வட்டாரக் கியூபர்கள் அதிகம். 1966-ஆம் ஆண்டுச் சட்டத்தால் கியூபர்களுக்கு கிரீன் கார்டு வழி எளிதாக இருந்தது. நாடு கடத்தும் பேச்சு அப்போது அவர்களைச் சுடவில்லை. அமெரிக்க ஆட்சிப் பகுதியான போர்ட்டோ ரிக்கோக்காரர்களோ பிறவியிலேயே குடிமக்கள். நெவாடா, கொலராடோ மாநிலங்களின் நிலைமை வேறு. அங்கே மெக்சிகோ வம்சாவளியினர் அதிகம். மகளுக்கு வாக்குரிமை இருக்கும், அதே வீட்டில் அம்மாவிடம் தங்குவதற்கான காகிதம் இருக்காது. அந்த மகளின் வாக்குதான் நவம்பரில் போனது.

நாள்குறிப்பு:
ஏன் பலிக்கவில்லை என்பதற்குத் தேதிகளைப் பாருங்கள். 2011 செப்டம்பர் விவாதத்தில், ஆவணமற்ற மாணவர்களுக்கு டெக்சாஸ் தரும் கல்லூரிக் கட்டணச் சலுகைக்காக, அம்மாநில ஆளுநரும் போட்டி வேட்பாளருமான ரிக் பெர்ரியை ராம்னி தாக்கினார். டிசம்பரில், ட்ரீம் சட்டம் (சிறுவயதில் வந்த ஆவணமற்றவர்களுக்குச் சட்ட அந்தஸ்து தரும் மசோதா) வந்தால் வீட்டோ செய்வேன் என்றார். 2012 ஜனவரி 23, டாம்பா விவாதம்: வேலை கிடைக்காமல் போனால் ஆவணமற்றவர்கள் தாங்களே ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள் என்றார். மூன்றும் பதிவாகிவிட்டன.

ஜூன் 15 அன்று ஒபாமா, சிறுவயதில் வந்த ஆவணமற்றவர்களை நாடு கடத்துவதைத் தள்ளிப்போடும் டாக்கா (DACA) திட்டத்தை அறிவித்தார். 16 வயதுக்குள் வந்தவர், அன்றைக்கு 31 நிரம்பாதவர், 2007 ஜூன் 15 முதல் தொடர்ந்து வசிப்பவர் விண்ணப்பிக்கலாம் என்றார். அப்போது கட்டணம் 465 டாலர், அனுமதி இரண்டு ஆண்டு. ஆகஸ்ட் 15 முதல் படிவம் வாங்கினார்கள். அக்டோபரில்தான் ராம்னி, ஏற்கெனவே கொடுத்த அனுமதியை ரத்து செய்ய மாட்டேன் என்றார். புதிதாகத் தருவதில்லை என்று அவர் பிரச்சாரக் குழு உடனே விளக்கியது. படிவம் கட்டிவிட்டுக் காத்திருந்தவனுக்கு அந்தத் தளர்வால் என்ன பயன்? எதிரணி பொருளையே கையில் கொடுத்த பிறகு வாய்ச்சொல் எடுபடாது.

எல்லைக்கோடு:
இரண்டும் சரி. ஆனால் இதிலிருந்து பொதுவிதி எடுக்காதீர்கள். ட்ரம்ப் 2016-லிருந்து இறுக்கத்தைத் தளர்த்தவே இல்லை; எக்ஸிட் போலில் அவருடைய ஹிஸ்பானிக் பங்கு 2016, 2020, 2024-ல் 28, 32, 46 சதவீதம் என்று ஏறியது. ஸ்டார் கவுண்டியை (கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் போன்றது) பாருங்கள். டெக்சாஸ் எல்லையில், கிட்டத்தட்ட முழுக்க ஹிஸ்பானிக் ஊர். 2016-ல் ஹிலாரிக்கு 79 சதவீதம், 2020-ல் பைடனுக்கு 52, 2024-ல் ட்ரம்ப் வென்றார். விலைவாசி பெரிய காரணம். எல்லைக் காவல் படை அங்கே நல்ல சம்பளம் தரும் வேலை என்பதையும் மறக்கக் கூடாது.

பிரைமரியில் சொந்தக் கட்சிக்காரர்களைக் கவர ஒரு பக்கமாக இழுபடுவது ஜனநாயகக் கட்சிக்கும் உண்டு. 2019 ஜூன் 27 மயாமி விவாதத்தில், அனுமதியின்றி எல்லை தாண்டுவதைக் குற்றவியல் வழக்காக்கக் கூடாது என்று மேடையில் இருந்தவர்களில் பெரும்பாலோர் கை தூக்கினார்கள், கமலா ஹாரிஸும்தான். ஸ்டார் கவுண்டியில் அந்தக் கைதூக்கலுக்கு வாக்கு விழும் என்று எதிர்பார்த்தது தப்பு.

ஒப்பிடும்போது தேசிய சதவீதத்தை விட்டுவிட்டு கவுண்டி முடிவுகளை எடுங்கள். எக்ஸிட் போலில் ஹிஸ்பானிக் மாதிரி சிறியது. ஒரே தேர்தலுக்கே ஆளுக்கொரு எண் சொல்வார்கள்.