ஒரு "ப்" போட்டவரெல்லாம் பங்களிப்பாளரா?

வேளச்சேரி வேதாளம்:
நேற்று குரோம்பேட்டை தம்பி ஒருவர் பெருமையாக அறிவித்திருந்தார்: "யாரும் திருத்தக்கூடிய கட்டற்ற மின்னஞ்சல் செயலி ஒன்றுக்கு நானும் பங்களித்துவிட்டேன்." ஏதோ பெரிதாகச் செய்திருக்கிறார் என்று போய்ப் பார்த்தால், தமிழ் மொழிபெயர்ப்பில் "அஞ்சலை பெறு" என்று இருந்த பொத்தானை "அஞ்சலைப் பெறு" என்று மாற்றியிருக்கிறார். அவ்வளவுதான். ஒரு "ப்". நான் தண்டர்பேர்ட் என்ற கட்டற்ற மின்னஞ்சல் செயலியை கம்பைல் செய்யவே, அதாவது மூல நிரலை ஓடும் செயலியாக மாற்றவே, ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தவன். அது பயர்பாக்ஸ் உலாவியின் மூல நிரல் மேல் நிற்கிறது, இரண்டையும் இறக்கினால்தான் வேலை நடக்கும். மடிக்கணினியில் தோசை வார்த்திருக்கலாம், அவ்வளவு சூடு. அதுவும் பங்களிப்பு, இந்த "ப்"பும் பங்களிப்பா?

குரோம்பேட்டை தம்பி:
அண்ணா, பேரைச் சொல்லாமல் ஊரைச் சொல்லித் திட்டுவது நல்ல நாகரிகம். அந்த ஞாயிற்றுக்கிழமை கம்பைல் செய்தீர்களே, அப்புறம் நிரலைத் திருத்தி எத்தனை பேட்ச் அனுப்பினீர்கள்?

வேளச்சேரி வேதாளம்:
பேச்சை மாற்றாதே தம்பி. நாம் எதை பற்றி பேசுகிறோம்? ஒரு "ப்".

திருவல்லிக்கேணி வாத்தியார்:
"எதைப் பற்றிப் பேசுகிறோம்" என்று இருக்க வேண்டும். இரண்டாம் வேற்றுமை உருபு வெளிப்படையாக வந்தால் வல்லினம் மிகும். இகரத்தில் முடியும் வினையெச்சத்துக்குப் பிறகும் மிகும். தம்பி ஒரு "ப்" போட்டார். நீங்கள் ஒரே வரியில் இரண்டை விழுங்கிவிட்டீர்கள்.

வேளச்சேரி வேதாளம்:
கைபேசியில் தட்டினேன் சார், அது விழுங்கியது. பரீட்சைத் தாள் திருத்தும் வேலையை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே பேசுவது மென்பொருள்.

ஓஎம்ஆர் பயணி:
மென்பொருள் என்றே வைத்துக்கொள்வோம். அந்த "ப்" எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் இரண்டு குறியெண்கள், ப ஒன்று, புள்ளி ஒன்று. அவற்றைக் கணினியில் எழுதும் யூடிஎஃப்-8 முறையில் ஆறு பைட். இப்போது மரியாதை வருமா?

வேளச்சேரி வேதாளம்:
பைட் கணக்கு எனக்கேவா? சரி, நன்றாகக் கேளுங்கள். அஞ்சலின் தலைப்பு வரியில் தமிழ் போக வேண்டுமானால் வழக்கமாக அதைத் துண்டு துண்டாகப் பொதிந்துதான் அனுப்புவார்கள். அதற்கான இணைய விதி ஆவணம் ஆர்எஃப்சி 2047, 1996-ஆம் ஆண்டு வந்தது. ஒரு துண்டு 75 எழுத்துக்குறியைத் தாண்டக்கூடாது. இந்த முனையிலும் அந்த முனையிலும் ஒட்டும் குறிகளைக் கழித்தால் மூன்று பைட்டை நான்கு எழுத்துக்குறியாக்கும் பேஸ்64 முறையில் 45 பைட்தான் உள்ளே போகும். தமிழில் குறியெண்ணுக்கு மூன்று பைட், ஆக பதினைந்து. "திருமண அழைப்பிதழ்" என்று தலைப்பு போட்டுப் பாருங்கள். இடைவெளியோடு 49 பைட். ஒரு துண்டில் அடங்காது. கண்ணை மூடிக்கொண்டு 45-இல் வெட்டுகிற செயலியாக இருந்தால், வெட்டு சரியாக அந்த "ழ"வின் நடுவில் விழும். எழுத்தை நடுவில் வெட்டக்கூடாது என்று விதி இருக்கிறது, படித்தவன்தானே கடைப்பிடிப்பான். கல்யாணப் பத்திரிகையில் ழகரத்துக்குப் பதிலாகக் கேள்விக்குறி வரும். இதைத் தேடிப் பிடிப்பதற்குப் பெயர் பங்களிப்பு. ஒரு "ப்" அல்ல.

குரோம்பேட்டை தம்பி:
அருமையான விளக்கம் அண்ணா, நிஜமாகவே. அப்படி வெட்டிய செயலியைப் பார்த்தீர்களா?

வேளச்சேரி வேதாளம்:
பார்த்தேன்.

குரோம்பேட்டை தம்பி:
பக் ரிப்போர்ட் போட்டீர்களா?

வேளச்சேரி வேதாளம்:
ஆபீஸ் வேலை இருந்தது.

மயிலைக் கழுகு:
மின்னஞ்சலைக் கண்டுபிடித்ததே தமிழர்தான், சிவா அய்யாதுரை. 1982-இலேயே பதிப்புரிமை வாங்கியவர். நாம் என்னடாவென்றால் ஒரு "ப்"புக்கு அடித்துக்கொள்கிறோம்.

ஓஎம்ஆர் பயணி:
கழுகாரே, அந்தப் பதிப்புரிமை "ஈமெயில்" என்று அவர் பெயர் வைத்த நிரலுக்கு. ரே டாம்லின்சன் 1971-லேயே அட் குறி போட்டு ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு அஞ்சல் அனுப்பிவிட்டார்.

மயிலைக் கழுகு:
தமிழன் என்றால் உங்களுக்கு ஏன் எரிகிறது?

ஓஎம்ஆர் பயணி:
எரிவது வயிறு. இரண்டு வருடம் முன்பு மத்திய கைலாஷ் பக்கம் சந்தித்தபோது சாப்பிட்ட பஜ்ஜிக்கு உங்கள் பங்கு இன்னும் வரவில்லை.

மயிலைக் கழுகு:
அன்றைக்கு வேதாளம் பத்து பஜ்ஜி தின்றார். அதையும் என் தலையில் கட்டினால் எப்படி?

வேளச்சேரி வேதாளம்:
எட்டு. விஷயத்துக்கு வருவோம். 2012-இல் அதை உருவாக்கிய மொசில்லாவே தண்டர்பேர்டிலிருந்து ஆட்களைக் குறைத்துக்கொண்டது. அந்தப் பறவை செத்துப்போகும் என்றுதான் பலரும் எழுதினார்கள். யார் காப்பாற்றினார்கள்? நிரல் எழுதியவர்கள். ஒரு "ப்" போட்டவர் காப்பாற்றினாரா?

ஓஎம்ஆர் பயணி:
நிரல் எழுதியவர்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வந்தது? பயனர்களின் நன்கொடையிலிருந்து. 2020-இல் அதற்கென்று தனி நிறுவனமே அமைத்தார்கள், இன்றுவரை நன்கொடையில்தான் ஓடுகிறது. கே-9 மெயில் என்ற ஆண்ட்ராய்டு அஞ்சல் செயலி 2022-இல் அவர்களோடு சேர்ந்து, 2024-இல் ஆண்ட்ராய்டு தண்டர்பேர்டாக வெளிவந்ததும் அந்தப் பணத்தில்தான். காசு போட்டவர் ஒரு வரியும் எழுதவில்லையே, அவரை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

வேளச்சேரி வேதாளம்:
காசு காசுதான். "ப்" காசா?

திருவல்லிக்கேணி வாத்தியார்:
என் அம்மாவுக்கு வயது 74. ஆங்கிலத்தில் ஒரு பொத்தானையும் தொடமாட்டார். தமிழில் இருந்தால்தான் பேத்தி அனுப்பும் அஞ்சலைத் திறப்பார். நீங்கள் கம்பைல் செய்தது அவருக்கு எதற்கு ஆகும்?

வேளச்சேரி வேதாளம்:
"ப்" இல்லாவிட்டால் அம்மாவுக்குப் புரியாதா சார்?

திருவல்லிக்கேணி வாத்தியார்:
புரியும். முகம் சுளிப்பார். தமிழ் வாத்தியாரின் அம்மா.

மயிலைக் கழுகு:
"பெறு" என்பதே தப்பு. "பெறுக" என்று மரியாதையாக இருக்க வேண்டும்.

திருவல்லிக்கேணி வாத்தியார்:
பொத்தானுக்கு என்ன மரியாதை? கட்டளை நமக்கல்ல, செயலிக்கு.

மயிலைக் கழுகு:
அப்படியென்றால் "அனுப்பு"ம் செயலிக்கா? அனுப்புவது நான்தானே?

வேளச்சேரி வேதாளம்:
இழையை இலக்கண வகுப்பாக்கியது யார் என்று எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள். நான் கேட்ட கேள்விக்கு இதுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை.

குரோம்பேட்டை தம்பி:
அண்ணா, நீங்கள் எழுதிக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று அனுப்பிவிட்டேன். இணைப்புப் பொத்தானில் "கோப்பை சேர்" என்று இருந்தது. அஞ்சலோடு டீக் கோப்பையை எப்படிச் சேர்ப்பது என்று என் தங்கை கேட்டாள். "கோப்பைச் சேர்" என்று திருத்தினேன்.

வேளச்சேரி வேதாளம்:
ஒரு "ச்".